கிளை பிரிந்தால் எதை நம்புவது? திருப்பூர் டிசி கணக்குக்கு ஒரு பிளாக்செயின் தேடல்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பெட்டிக்குள் போவதற்குள் துணி ஏழெட்டுக் கை மாறிவிடும். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயப்பட்டறை, காம்பேக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முதலாளி. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு டிசி (டெலிவரி சலான்) போடுவார்கள்: எத்தனை ரோல், எத்தனை கிலோ, எந்த லாட். சாயத்துக்குப் போன எடையும் திரும்பி வந்த எடையும் ஒன்றாக இருக்காது. பாதிச் சண்டை அந்த வித்தியாசத்தில்தான். ஆர்கானிக் பருத்தி என்றால் பஞ்சு எந்த ஊரில் விளைந்தது என்பது வரை பையர் கேட்கிறார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு அப்புறம், நொய்யலில் ஒரு சொட்டு விடாத பட்டறையில்தான் சாயம் ஏற்றினோம் என்பதற்கும் ஆதாரம் கையில் இருப்பது நல்லது என்றாகிவிட்டது.

இந்த டிசிகளை எல்லோருக்கும் பொதுவாக, பிற்பாடு யாரும் திருத்த முடியாத ஒரு பதிவேட்டில், அதாவது பிளாக்செயினில், போட்டால் என்ன என்ற பேச்சு தொழில் செய்கிறவர்கள் நடுவே எழுவது இயல்புதான். செய்து தர கோவையில் மென்பொருள் ஆட்களுக்கும் பஞ்சமில்லை. பேச உட்கார்ந்ததும் வரும் கேள்வி, "எது ஃபாஸ்ட்டுங்க, எது சல்லிசுங்க?"

அவை இரண்டும் பிறகு பார்த்துக்கொள்ளக்கூடியவை என்பேன். முதலில் கேட்க வேண்டியது வேறு. பிளாக்செயினில் பதிவுகள் பிளாக் என்ற கட்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்க்கப்படும். 'நான்தான் அடுத்த பிளாக்' என்று இரண்டு பிளாக்குகள் ஒரே நேரத்தில் வந்து நின்று, செயின் இரண்டு கிளையாகப் பிரிந்தால் அந்த மென்பொருள் என்ன செய்யும்? ஒன்றை இப்போதைக்கு ஏற்றுக்கொண்டு, பிறகு மனம் மாறுமா? இல்லை, ஒன்றுதான் என்று முடிவாகும்வரை எதையும் எழுதாமல் நிற்குமா? இதற்கு என்ன பதிலோ அதை ஒட்டித்தான் டிஸ்கில் அது எழுதும் முறையும் அமைகிறது. கரண்ட் போய் வந்தால் எவ்வளவு நேரத்தில் எழுந்து நிற்கும் என்பதும் அங்கிருந்தே வருகிறது.

மனம் மாறுகிற செயின்கள்

பிட்காயினை ஓட்டும் பிட்காயின் கோர் மென்பொருளிலிருந்து தொடங்கலாம். மற்ற நோடுகளிடமிருந்து (இதே செயினை வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள்) வாங்கும் பிளாக்குகளை அது பிஎல்கே என்று தொடங்கும் ஃபைல்களில் அடுக்கும். ஒரு ஃபைல் அதிகபட்சம் 128 எம்பி. அடுக்குவது வரிசை எண்படி அல்ல, வந்து சேர்ந்தபடி. 2015-இல் வெளியான 0.10 பதிப்பிலிருந்து முதலில் பிளாக்குகளின் தலைப்புச் சுருக்கமான ஹெட்டர்களை மட்டும் வாங்கிவிட்டு, முழு பிளாக்குகளைப் பல நோடுகளிடம் ஒரே சமயத்தில் கேட்டு வாங்குகிறது. அதனால் 5,040-ஆவது பிளாக் 5,000-ஆவதுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கலாம். எது எந்த ஃபைலில் எந்த இடத்தில் என்ற குறிப்பு லெவல்டிபி என்ற சிறிய டேட்டாபேஸில் இருக்கும். இன்னும் செலவாகாமல் இருக்கும் காசுகளின் பட்டியலுக்கு இன்னொரு லெவல்டிபி. தோற்றுப்போன கிளையின் பிளாக்கும் ஜெயித்தவற்றோடு அதே ஃபைலில் கிடக்கும். யாரும் அதைத் தேடிப்போய் அழிப்பதில்லை.

நீளமான செயின்தான் ஜெயிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் அப்படி இல்லை. ஒவ்வொரு பிளாக்கையும் உண்டாக்கத் தேவைப்பட்ட கணக்கீட்டு வேலையைக் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் எந்தக் கிளையில் அதிகமோ அதை எடுக்கிறது. எண்ணிக்கையில் குறைந்த கிளைகூட ஜெயிக்கலாம். தொடக்கப் பதிப்புகள் எண்ணிக்கையைத்தான் பார்த்தன. 2010-இல் அதை மாற்றினார்கள். இரண்டும் சமம் என்றால் முதலில் வந்து சேர்ந்ததை வைத்துக்கொள்ளும். அடுத்த பிளாக் எதன்மேல் ஏறுகிறதோ அதோடு வழக்கு முடிந்தது.

தோற்ற கிளையிலிருந்து மற்றதற்குத் தாவ வேண்டுமானால், ஏற்கெனவே செய்த மாற்றங்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாக எடுத்தாக வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பிஎல்கே ஃபைலுக்கும் ஜோடியாக ஓர் ஆர்இவி ஃபைல். ஒரு பிளாக் எந்தெந்தக் காசைச் செலவழித்ததோ அவற்றின் பழைய விவரம் அதில் இருக்கும். பேரேட்டில் ஒரு தொகையை அடிக்கும் கணக்குப்பிள்ளை, அடியில் உள்ள எண் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடாகப் போடுவாரே, அந்த வேலைதான். முழு வரலாறும் இன்று 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. இடம் போதாதவர்கள் பழையவற்றை வெட்டி (ப்ரூன் செய்து) பிளாக் ஃபைல்களை 550 எம்பி வரை சுருக்கலாம். அப்போதும் கடைசி 288 பிளாக்குகளை, அதாவது ஏறத்தாழ இரண்டு நாள் வரலாற்றை, அது கைவிடாது. பின்னோக்கிப் போக வழி வேண்டுமே.

எழுதும் முறையும் தேர்ந்தெடுக்கும் முறையும் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு 2013 மார்ச் 11 இரவு நடந்ததைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பிட்காயின் 0.8 பதிப்பு வந்திருந்தது. அதுவரை பெர்க்லி டிபி, 0.8-இல் லெவல்டிபி. பிளாக் செல்லுமா செல்லாதா என்ற விதிகளில் யாரும் கைவைக்கவில்லை, டேட்டாபேஸை மட்டும் மாற்றியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பெர்க்லி டிபியில் ஒரே சமயத்தில் போடக்கூடிய பூட்டுகளுக்கு ஒரு வரம்பு இருந்தது. 225,430-ஆவது உயரத்தில் நிறையப் பரிவர்த்தனைகள் கொண்ட ஒரு பிளாக் வந்தது. 0.8 நோடுகள் அதை விழுங்கிவிட்டன. பழைய நோடுகளில் பூட்டு தீர்ந்துபோய், 'இது செல்லாது' என்று தள்ளிவிட்டன. செயின் இரண்டானது. புதிய பதிப்பின் கிளைதான் வேலையில் கனமாக இருந்தது. ஆனாலும் பழைய நோடுகளால் அந்தப் பக்கம் வரவே முடியாது. கடைசியில், கணக்கீட்டு வேலை செய்து பிளாக் உண்டாக்கும் பெரிய சுரங்கக் குழுக்கள் தாங்களாகவே 0.7-க்கு இறங்கி வந்தன. இருபதுக்கும் மேற்பட்ட பிளாக்குகள் குப்பைக்குப் போயின. அந்த இடைவெளியில் ஒரு பெரிய தொகையை இரண்டு முறை செலவழித்த சம்பவமும் நடந்தது. யாரும் எழுதி வைக்காத ஒரு விதி டேட்டாபேஸின் செட்டிங்கில் ஒளிந்திருந்திருக்கிறது.

நம்ம ஊரில் நாலு பேர் சேர்ந்து நோடு வைத்து, ஒருவர் மட்டும் புதிய பதிப்பு ஏற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேலையை வைத்துத் தேர்ந்தெடுக்கும் முறையை நமக்கென்று தனியாகச் சிறிய அளவில் நடத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடவே கூடாது. எத்தீரியம் கிளாசிக் அதே வேலை முறையில் ஓடும், எல்லோருக்கும் தெரிந்த செயின்தான். 2020 ஆகஸ்டில் மட்டும் அதை மூன்று முறை தாக்கினார்கள். வெளியே கணக்கீட்டுத் திறனை வாடகைக்கு எடுத்து ஆயிரக்கணக்கான பிளாக்குகளைப் பின்னோக்கித் திருத்தி எழுதினார்கள். அதற்கே அந்தக் கதி என்றால் பத்து கம்பெனி வைத்திருக்கும் செயின் எம்மாத்திரம்?

எத்தீரியம் இதில் ஒரு நடுவழி. 2022 செப்டம்பர் 15 முதல் அங்கே வேலைக்குப் பதில் பணயம்: சரிபார்ப்பவர்கள் காசைப் பணயமாகக் கட்டி ஓட்டுப் போடுகிறார்கள். 12 வினாடிக்கு ஒரு ஸ்லாட், 32 ஸ்லாட் சேர்ந்தால் ஒரு எபோக். செயினின் முனையை ஓட்டு வைத்து எடுக்கிறார்கள்: சரிபார்ப்பவர் ஒவ்வொருவரின் கடைசி ஓட்டை மட்டும் எண்ணி, கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஓட்டு கனக்கும் பக்கமாகவே இறங்கி வர வேண்டும். இதுவரை மனம் மாறும் ரகம்தான். முழுதாக மாறுவதற்கு முன் தனியாக ஓடிக்கொண்டிருந்த பணயச் செயினில், 2022 மே மாதம் ஒரு முறை ஏழு பிளாக்குகள் வரை மாறியிருக்கிறது. இதற்கு மேல் இன்னொரு அடுக்கு உண்டு. மொத்தப் பணயத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொண்ட இடம் உறுதியாகிவிடும், அதற்கு முன்னால் இருப்பதை மென்பொருள் தொடாது. சாதாரணமாக இரண்டு எபோக், கிட்டத்தட்ட 13 நிமிடம். 2023 மே 11, 12 தேதிகளில் இந்த உறுதியாக்கம் தடுமாறியது. இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிளாக்குகள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. செயின் நிற்கக் கூடாது, உறுதி கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை என்பது அவர்கள் எடுத்த முடிவு.

டிஸ்கிலும் இந்த இரட்டைத்தன்மை அப்படியே தெரியும். கெத் என்ற எத்தீரிய மென்பொருள், புதிய பிளாக்குகளை டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, இனி மாறாது என்றான பழையவற்றைத் தனியே தட்டையான ஃபைல்களுக்கு நகர்த்திவிடும். 2019-இல் இந்த ஏற்பாடு வந்தபோது 90,000 பிளாக்குகளைத் தாண்டியவை பழையவை என்று கணக்கு. அந்தப் பழைய பகுதியை மட்டும் விலை குறைந்த சாதாரண ஹார்ட்டிஸ்கில் போடலாம், எஸ்எஸ்டி வாங்கும் காசு மிச்சம். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

பிடித்திருந்தாலும் டிசி கணக்கைப் பொது எத்தீரியத்தில் போடச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பதிவுக்கும் கட்டணம், அது இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை. அதைவிட முக்கியம், எந்த பார்ட்டிக்கு எத்தனை டன் போகிறது என்பது பக்கத்து யூனிட்காரர் கண்ணுக்கும் படும். மறைத்துப் போடலாம்தான், அதற்கு இன்னொரு மென்பொருள், இன்னொரு செலவு.

நிற்கத் தெரிந்த செயின்கள்

இன்னொரு ரகம், முடிவாகாமல் எழுதவே எழுதாது. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக், பெசு மென்பொருளின் கியூபிஎஃப்டி முறை, காமெட்பிஎஃப்டி மூன்றும் இந்தப் பக்கம். இங்கே எழுதப்பட்ட பிளாக் எழுதப்பட்டதுதான். கிளை கிடையாது, தாவல் கிடையாது.

ஃபேப்ரிக் மென்பொருளில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்துவது ஆர்டரர் என்ற தனி நோடுகளின் வேலை. அவை ஒப்புக்கொண்டு வெட்டித் தரும் பிளாக்கை ஒவ்வொரு கம்பெனியின் பியர் நோடும் வாங்கிச் சரிபார்த்து, 64 எம்பி அளவு வரை வளரும் ஃபைல்களில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதும். இங்கே வரிசை எண்ணும் எழுதிய வரிசையும் ஒன்றுதான். பின்னோக்கி எடுப்பதற்கான ஃபைல் இல்லை, தேவையும் இல்லை. பக்கத்தில் லெவல்டிபியில் ஒரு அட்டவணை, இன்றைய நிலவரத்துக்கு ஒரு டேட்டாபேஸ். இந்த இரண்டும் கெட்டுப்போனாலும் பிளாக் ஃபைல் இருந்தால் போதும், மறுபடி கட்டிவிடலாம். இந்த எளிமையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெசு அப்படியில்லை. அது பொது எத்தீரியத்துக்காகவும் எழுதப்பட்ட மென்பொருள். அதன் பொன்சாய் சேமிப்பு முறை, பின்னோக்கிப் போவதற்கான மாற்றக் குறிப்புகளையும் ராக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸில் வைத்துக்கொள்கிறது. கியூபிஎஃப்டியில் ஓட்டும்போது அதற்கு வேலை இருக்காது. கெடுதல் இல்லை, ஆனால் தேவையில்லாத சாமான்.

ஃபேப்ரிக்கில் கிளை இல்லை என்பதால் மோதலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அது பிளாக் அளவிலிருந்து பரிவர்த்தனை அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே லாட்டின் இருப்பை நிட்டிங்காரரும் சாயப்பட்டறையும் ஒரே நேரத்தில் திருத்தினால், வரிசையில் முதலில் நிற்பது செல்லும்; அடுத்தது செல்லாது என்ற முத்திரையோடு பிளாக்கிலேயே கிடக்கும். ஆகவே லாட் நம்பருக்கு ஒரே பதிவு வைத்து அதையே திரும்பத் திரும்ப மாற்றும்படி வடிவமைக்காதீர்கள். ஒவ்வொரு டிசியும் தனிப் பதிவாக ஏறட்டும், இருப்பைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்லாமல் விலைப்பட்டியல் நீட்டும் மென்பொருள்காரரிடம் கொஞ்சம் ஜாக்கிரதை.

இன்றைய நிலவரம் வைக்கும் டேட்டாபேஸுக்கு லெவல்டிபி அல்லது கௌச்டிபி எடுக்கலாம். கௌச்டிபியில் 'இந்த லாட்டின் எல்லா டிசியும் கொடு' என்று நேராகவே கேட்கலாம். பதிலுக்குத் தனியாக ஒரு சர்வர் ஓட வேண்டும், வேகமும் குறையும். என் விருப்பம் லெவல்டிபி. ரிப்போர்ட் வேண்டுமானால் பிளாக் வர வர அதிலிருந்து ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் எல்லா பியரும் ஒன்றையே எடுக்க வேண்டும். 2013 கதையை நினைவில் வையுங்கள்.

ஆர்டரரில் இரண்டு வகை. ராஃப்ட் முறை 2019-இல் வந்தது; பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் ஓடும், மூன்று நோடில் ஒன்று விழலாம், ஐந்து நோடில் இரண்டு விழலாம். ஆனால் அது விழுகிற நோடைத்தான் தாங்கும், பொய் சொல்கிற நோடைத் தாங்காது. 2024-இல் வந்த 3.0 பதிப்பில், பொய் சொல்கிற நோடையும் தாங்கும் பிஎஃப்டி ஆர்டரர் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது நான்கு வேண்டும். அதில் ஒன்று விழுந்தாலும் சரி, ஏமாற்றினாலும் சரி, மற்ற மூன்றும் ஒத்துப்போனால் கணக்கு நிற்காது. பெசுவின் கியூபிஎஃப்டிக்கும் காமெட்பிஎஃப்டிக்கும் இதே கணக்குத்தான். போட்டியாளர்களே கூட்டாகச் சேரும் இடத்தில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

கரண்ட்

"ஏனுங்க, கரண்ட் போச்சுன்னா?" இதைக் கேட்காத முதலாளியைக் கொங்கு நாட்டில் பார்க்க முடியாது. கேட்க வேண்டிய கேள்விதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு துணை மின்நிலையத்தை நிறுத்தினால் அந்த வட்டாரமே பகலில் பல மணி நேரம் இருட்டு. யூபிஎஸ் அவ்வளவு நேரம் வராது, ஜெனரேட்டர் மெஷினுக்கே போதாது.

நிற்கத் தெரிந்த செயினில் நான்கு ஆர்டரரையும் ஒரே துணை மின்நிலையத்தின் கீழ் வைத்தால், பராமரிப்பு நாளில் ஊர் முழுக்க டிசி ஏறாது. ஆகவே திருப்பூரில் ஒன்று, பெருந்துறைப் பக்கம் ஒன்று, கோவையில் ஒன்று, நான்காவது வாடகை கிளவுடில் என்று பிரித்து வைப்பதுதான் முறை. அப்படியும் இரண்டு ஒரே நாளில் போனால் நிற்கும். நிற்கட்டும் என்பேன். காலையில் ஏறிய 400 கிலோ மாலையில் வேறு கிளை ஜெயித்ததால் காணாமல் போவதைவிட, இரண்டு மணி நேரம் ஏறாமல் இருப்பது எவ்வளவோ மேல். துணி ஏற்றிய டாடா ஏஸ் அதுவரை காத்திருக்காது. காகித டிசியோடு வண்டி கிளம்பட்டும். போனில் உள்ள செயலி பதிவைக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டு, செயின் எழுந்ததும் அனுப்பட்டும்.

எழுந்திருக்கும் நேரத்திலும் இரண்டு ரகமும் ஒன்றல்ல. பிட்காயின் கோர், காசுப் பட்டியலின் மாற்றங்களை மெமரியில் சேர்த்து வைத்து அவ்வப்போதுதான் டிஸ்கில் இறக்கும். அதற்கென்று மெமரியில் ஓர் அளவு ஒதுக்கியிருக்கும். வேகத்துக்காக இதைக் கூட்டி வைத்தால், திடீரென்று கரண்ட் போகும்போது மறுபடி செய்ய வேண்டிய வேலையும் கூடும். டேட்டாபேஸே கெட்டுவிட்டால் முழு வரலாற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்; பழைய கம்ப்யூட்டர் என்றால் நாள்கணக்கில் போகும். ஃபேப்ரிக் பிளாக்கை முதலில் ஃபைலில் எழுதிவிட்டுத்தான் நிலவரத்தைத் திருத்தும். எழுந்ததும் எந்த பிளாக் வரை திருத்தியது என்று பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இடம் ஒரு பிரச்சினையே இல்லை. ஒரு நாளைக்கு 5,000 டிசி, கையெழுத்து, சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 5 கேபி, வருஷத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்தால்கூட ஏழரை ஜிபிதான். பென் டிரைவில் அடங்கும்.

எனக்குச் சரியென்று படுவது

ஒரே ஏற்றுமதியாளர், அவரிடம் ஜாப் ஒர்க் வாங்கும் பத்துப் பேர் என்றால் செயினே வேண்டாம். போஸ்ட்கிரஸில் ஒரு அட்டவணை, ஒவ்வொரு வரியிலும் முந்தைய வரியின் ஹாஷ் (வரியிலிருந்து கணக்கிடும், ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு), தினமும் சாயங்காலம் கடைசி ஹாஷை ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் வழியாக பிட்காயினில் பதித்துவிடுவது. அந்தச் சேவை ஆயிரக்கணக்கான ஹாஷ்களை ஒன்றாகத் திரட்டி ஒரே பரிவர்த்தனையாக ஏற்றுவதால் நமக்குச் செலவு இல்லை. எடை என்ன, யார் பார்ட்டி என்ற எதுவும் வெளியே போவதும் இல்லை. பிட்காயின் மனம் மாறும் செயின்தானே என்றால், ஆறு பிளாக், அதாவது ஒரு மணி நேரம் பொறுத்தால் போதும். இங்கே யாருக்கும் அவசரம் இல்லை. ஆனால் இது 'அன்றைக்கு இதுதான் இருந்தது' என்பதை மட்டும்தான் நிரூபிக்கும். அன்றைக்கே தப்பாக எழுதியிருந்தால் ஒன்றும் செய்யாது.

சம அந்தஸ்துள்ள பல கம்பெனிகள், ஒருவர் கணக்கை மற்றவர் முழுக்க நம்பாத நிலை என்றால் ஃபேப்ரிக், நான்கு பிஎஃப்டி ஆர்டரரோடு. பெசுவைவிட இதைச் சொல்வதற்குக் காரணம், ரேட்டை இரண்டு பேருக்குள் மட்டும் வைத்துக்கொண்டு ஹாஷை மட்டும் பொதுவில் போடும் வசதி அதிலேயே இருக்கிறது. சேர்ந்த சங்கமே பொது ஆளாக நின்று ஆர்டரர் நடத்தும், அதில் எல்லோருக்கும் சம்மதம் என்றால் ராஃப்ட் போதும், பராமரிப்பும் சுலபம். காமெட்பிஎஃப்டியில் எல்லாவற்றையும் நாமே கட்ட வேண்டும். நல்ல டெவலப்பர் கையோடு இருந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம். வெளிநாட்டு பையர் நம் குழுவில் சேராமலே தானாகச் சரிபார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மட்டும் பொது எத்தீரியத்தைப் பேசலாம்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மென்பொருள்காரரின் லேப்டாப்பிலேயே நான்கு ஆர்டரரை ஏற்றச் சொல்லி, டிசி ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டை நிறுத்தச் சொல்லுங்கள். பிளாக் எண் அங்கேயே நிற்க வேண்டும். இரண்டே நோடோடு மேலே ஏறிக்கொண்டே போனால் அவர் காட்டுவது பிஎஃப்டி அல்ல. பிறகு ஒன்றை மட்டும் எழுப்பினால், நின்ற எண்ணுக்கு அடுத்த எண்ணிலிருந்து தொடர வேண்டும், நிறுத்துவதற்கு முன் ஏறிய டிசி ஒன்றுகூடக் காணாமல் போயிருக்கக் கூடாது. அதையும் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.